வெற்றி பெற்ற அறுவையும் விடாத வலியும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை கடந்த நூற்றாண்டு மருத்துவத்தின் பெரும் சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. பல ஆண்டுகள் வலியோடு நொண்டி நடந்தவர்களை அது மீண்டும் நிமிர்ந்து நடக்க வைத்திருக்கிறது. ஆயினும், அறுவைக்குப் பின்னரும் வலி தீராதவர்கள் எப்போதும் ஒரு பகுதியாக இருந்தே வந்திருக்கின்றனர். முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2012இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, இந்த அறுவையைச் செய்துகொண்டவர்களில் 7 முதல் 23 விழுக்காட்டினர் வரை நீண்டகால வலியோடு வாழ்வதாகக் கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலானோர் கேட்டுப் பழகிய பதில் ஒன்று உண்டு: எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, மூட்டு சரியாக அமர்ந்திருக்கிறது, எனவே வலிப்பதற்குக் காரணமில்லை. இந்தப் பதில் நோயாளியை வாயடைக்கச் செய்கிறதே தவிர, வலியைக் குறைப்பதில்லை. அதைவிடக் கேடானது என்னவெனில், திருத்தக்கூடிய கோளாறுகள் திருத்த இயலாத நிலையை எட்டும் வரை மறைந்திருக்கவும் அது இடமளித்துவிடுகிறது.

இடுப்பு மூட்டு, தொடை எலும்பின் உருண்டையான தலையும் அது பொருந்தும் இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியும் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே வழுவழுப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கும். அது தேய்ந்தோ சிதைந்தோ போகும்போது ஒவ்வோர் அடியும் வலியாகிறது. மேலைநாடுகளில் இந்த அறுவைக்கு முதன்மையான காரணம் முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு. இந்தியாவிலோ, தொடை எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டு அத்தலை நசிந்து போவதும், முதுகெலும்பையும் இடுப்பையும் இறுகச் செய்யும் ஒருவகை வாத நோயும் பெரிய காரணங்களாக உள்ளன. மிகுதியான குடிப்பழக்கமும் நெடுநாள் ஸ்டீராய்டு மருந்தும் இத்தகைய எலும்பு நசிவுக்கு வழிகோலுகின்றன. இவ்விரு நோய்களும் முப்பது, நாற்பது வயதினரையே மிகுதியும் தாக்குவதால், இங்கே செயற்கை மூட்டோடு வாழ வேண்டிய ஆண்டுகளும் அதிகம், அதன் மேல் விழும் வேலையும் அதிகம். நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், அந்த இடுப்பு மூட்டு உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், சிறு பிசகும் ஏன் பெரிய வலியாகிறது என்பது விளங்கும்.

இன்றைய செயற்கை மூட்டின் முன்னோடி இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. உலோகத் தலையையும் வழுக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தையும் இணைத்து, அவற்றை எலும்புச் சிமென்ட் கொண்டு நிலைநிறுத்துவது அவருடைய முறை. அவர் முதலில் தேர்ந்தெடுத்த பொருள் டெஃப்லான். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. தேய்மானத் துகள்களுக்கு உடல் காட்டிய எதிர்வினையால் மூட்டைச் சுற்றிலும் கட்டிகள் உண்டாயின. நோயாளிகள் வலியோடு திரும்பி வந்தனர். சார்ன்லி அந்த வலியைப் புறந்தள்ளவில்லை. அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு அதன் விளைவைக் கண்டறிந்தார், தோற்றுப்போன மூட்டுகளையும் தாமே அகற்றினார். 1962இல் பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக்குக்கு அவர் மாறியதற்குப் பின்னரே இந்த அறுவை நிலைபெற்றது. இத்துறையின் தொடக்க கால வரலாறே, வலிக்கிறது என்று சொன்ன நோயாளிகளின் வாய்மொழியால் திருத்தப்பட்ட வரலாறு என்பது கவனத்துக்குரியது.

அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் வலி இருப்பது இயல்பு. வெட்டப்பட்டும் விலக்கப்பட்டும் இருந்த தசைகள் ஆற மூன்று மாதங்கள் ஆகலாம்; முழு வலிமை திரும்ப ஓராண்டும் ஆகலாம். வலி சிறிது சிறிதாக, ஏற்ற இறக்கங்களோடு, மொத்தத்தில் குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலியை, 'அறுவைக்குப் பிந்தைய நாட்பட்ட வலி' என்னும் தனி வகையாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுத் தொகுப்பான ஐ.சி.டி.-11 இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதாவது, அது மனக்கற்பனையோ குறைகூறும் இயல்போ அன்று, மருத்துவம் பதில் சொல்ல வேண்டிய ஒரு நோய்நிலை.

அத்தகைய வலியின் காரணத்தைத் தேடும் மருத்துவருக்கு எந்தக் கருவியையும் விட முதலில் உதவுவது, வலி எங்கே, எப்போது, எவ்வாறு வருகிறது என்னும் நோயாளியின் விவரிப்பே. தொடையிடுக்கில் வலி என்றால் கிண்ணப் பகுதியை ஐயுற வேண்டும். தொடையின் நடுப்பகுதியில் வலி என்றால் எலும்புக்குள் இறக்கப்பட்ட தண்டுப் பகுதியை ஐயுற வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் சுளீரென வலித்து, நடக்க நடக்கக் குறையுமானால், அது செயற்கை மூட்டு எலும்பில் தளர்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். காலைத் தூக்கி ஆட்டோவில் ஏறும்போதும், படியில் கால் வைக்கும்போதும், வேட்டியோ கால்சட்டையோ உடுத்தக் காலை உயர்த்தும்போதும் மட்டும் தொடையிடுக்கு வலித்தால், இடுப்பை மடக்கும் தசையின் நாண் கிண்ணத்தின் விளிம்பில் உரசிக்கொண்டிருக்கக்கூடும். இடுப்பின் வெளிப்பக்கத்தில், ஒருக்களித்துப் படுக்க முடியாதபடி வலிப்பது பெரும்பாலும் அங்குள்ள தசைநாண்களின் அழற்சி. அது மூட்டின் கோளாறே அன்று என்பதால், பயிற்சியால் பெரும்பாலும் தீரும். பிட்டத்திலிருந்து முழங்காலையும் தாண்டிப் பாதம் வரை ஓடும் வலியும் மரத்துப்போதலும் முதுகெலும்பின் கதவைத் தட்டச் சொல்லும் குறிகள். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருப்பதும் இடுப்பு மூட்டுத் தேய்வும் முதியவர் ஒருவருக்கு ஒருசேர இருப்பது அரிதன்று. மூட்டை மாற்றியபின் மிஞ்சும் வலி, தொடக்கம் முதலே முதுகெலும்பிலிருந்து வந்துகொண்டிருந்ததாக இருக்கலாம்.

காலக்கணக்கும் பேசும். அறுவையின் மறுநாளிலிருந்து ஒரு நாளும் விடாமல் அதே வலி தொடர்கிறதென்றால், கிருமித்தொற்று, மூட்டு எலும்போடு சரியாகப் பிணையாமை, அல்லது வலியின் மூலத்தை முதலிலேயே தவறாகக் கணித்திருத்தல் ஆகியவற்றை எண்ண வேண்டும். ஒரு காலம் வலியின்றி நடந்துவிட்டுப் பின்பு புதிதாக வலி தோன்றினால், தளர்வு, தாமதித்து வந்த தொற்று, செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பில் விரிசல் ஆகியவற்றை ஐயுற வேண்டும். ஓய்விலும் இரவிலும் விடாத வலியைத் தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை தொற்றாகவே கருதி ஆராய்வது நல்ல மருத்துவர்களின் வழக்கம்.

அந்தத் தொற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் காலத்தாழ்ச்சி மிகப்பெரிய இழப்பை உண்டாக்குவது இங்கேதான். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது நேர்கிறது. உலோகத்தின் மீது ஒட்டிக்கொள்ளும் நுண்ணுயிரிகள் தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தை அமைத்துக்கொள்கின்றன. அப்படலம் முதிர்ந்துவிட்டால் உடலின் எதிர்ப்பாற்றலோ மருந்தோ உள்ளே எளிதில் எட்டாது. தொடக்க வாரங்களிலேயே கண்டறிந்தால், மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி, நீண்ட நாள் மருந்து கொடுத்து மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. காலம் கடந்தால் மூட்டு முழுவதையும் அகற்றி, மருந்து கலந்த சிமென்டைத் தற்காலிகமாக வைத்து, தொற்று அடங்கிய பின் மீண்டும் புதிய மூட்டைப் பொருத்தும் இரு கட்ட அறுவையே பெரும்பாலும் மிஞ்சும். காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவதைப் பார்த்தவுடன் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். அது கசிவைச் சில நாள் அடக்கி, உள்ளிருக்கும் கிருமி எது என்பதை ஆய்வகம் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடுகிறது. மூட்டிலிருந்து நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பதே முதன்மையான பரிசோதனை. நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னரே ஆன்டிபயாடிக்கை நிறுத்தியிருப்பது நன்று. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனைகள் வழிகாட்டுமேயன்றி முடிவு சொல்லா. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும், காலில் ஆறாத புண்ணோ பல்லில் சீழோ உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல் என்பதால், அவற்றைக் கவனிப்பதும் மூட்டைக் கவனிப்பதில் அடங்கும்.

ஏனைய சிக்கல்களில் சில உடனடியாக மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை. கெண்டைக்கால் வீங்கி வலிப்பது கால் சிரைகளில் இரத்தம் உறைந்ததைக் காட்டலாம். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் அந்த உறைகட்டி நுரையீரலை அடைந்ததைக் காட்டலாம். மூட்டு குழியைவிட்டு நழுவினால் தாங்கவொண்ணா வலியோடு கால் குறுகித் திரும்பிக்கொள்ளும். பெரும்பாலான நழுவல்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் நேர்பவை.

சிக்கல்களுள் வெளிப்படையாகத் தெரியாமல் இருந்துவிட்டுப் பின்னர் பெரும் கேடு விளைவித்ததற்கு மறக்கக்கூடாத எடுத்துக்காட்டு, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தைச் சேர்ந்த டீப்யூ தயாரித்த ஏ.எஸ்.ஆர். என்னும் இடுப்பு மூட்டு. அதில் தலையும் கிண்ணமும் இரண்டுமே உலோகம். உரசும்போது கோபால்ட், குரோமியம் ஆகியவற்றின் நுண்துகள்கள் வெளியேறி, சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் சிதைத்தன; சிலருக்கு இரத்தத்திலும் அவற்றின் அளவு உயர்ந்து செவி, கண், இதயம் ஆகியவற்றைப் பாதித்தது. உலகெங்கும் ஏறக்குறைய 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின், 2010 ஆகஸ்டில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் தேசிய மூட்டுப் பதிவேடு, ஐந்தாண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதைக் காட்டியதே அதற்கு உடனடிக் காரணம். ஆஸ்திரேலியாவின் பதிவேடு அதற்கும் முன்னரே எச்சரித்திருந்தது. இந்தியாவில் ஏறக்குறைய 4,700 பேருக்கு இந்த மூட்டு பொருத்தப்பட்டது. அவர்களுள் மிகப் பலரை எங்கிருக்கிறார்கள் என்று பின்னர் கண்டறியவே இயலவில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2017இல் அமைத்த நிபுணர் குழு இவற்றையெல்லாம் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 2018இல் ஏறக்குறைய 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் கணக்கீட்டு முறை அறிவிக்கப்பட்டது.

பதிவேடு பேசும் முன்னரே நோயாளிகள் பேசிக்கொண்டிருந்தனர் என்பது இந்த நிகழ்விலிருந்து விலக்க முடியாத உண்மை. தொடையிடுக்கில் விடாத வலி, இடுப்பில் ஏதோ கிரீச்சிடும் உணர்வு, காரணம் தெரியாத வீக்கம் என்று அவர்கள் சொன்னவற்றை வயது, எடை, பயிற்சியின்மை என்று வேறு காரணங்கள் கூறி ஒதுக்குவது எளிதாக இருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் மென்திசுவின் சிதைவு தெரிவதில்லை. எனவே, இன்று உலோகத்தோடு உலோகம் உரசும் பழைய மூட்டு ஒன்றோடு வாழ்பவர், வலி இல்லாவிட்டாலும் இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவையும், தேவைப்பட்டால் உலோகத்தின் குறுக்கீட்டைக் குறைக்கும் தனி முறையில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் பார்ப்பது அவசியம். தம் உடலில் எந்த நிறுவனத்தின் எந்த வகை மூட்டு, எந்த எண்ணோடு உள்ளது என்பது பலருக்குத் தெரியாது. அறுவை அரங்கில் மூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டப்படும், இவ்விவரங்கள் அடங்கிய சிறு தாள் மருத்துவமனைக் கோப்பில் மட்டும் இருந்தால் போதாது; அதன் படியைக் கேட்டுப் பெற்று, நிலப்பத்திரத்தைப் போல் வீட்டில் பேணுவது நோயாளியின் உரிமை.

எல்லாப் பரிசோதனைகளும் முடிந்து, தொற்று இல்லை, தளர்வு இல்லை, உலோகச் சிதைவு இல்லை, முதுகெலும்பும் காரணமன்று என்று உறுதியான பின்னும் வலி நீடிப்பவர்கள் உண்டு. இவர்களைத்தான் மருத்துவம் நெடுங்காலம் கைவிட்டிருந்தது. வலி என்பது காயத்தின் அளவைத் துல்லியமாக எடுத்துச் செல்லும் செய்தி மட்டுமே என்னும் பழைய எண்ணத்தை, 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த 'வாயில் கோட்பாடு' அசைத்தது: வலிச் சமிக்ஞைகள் தண்டுவடத்திலேயே கூட்டப்படவும் குறைக்கப்படவும் முடியும் என்று அவர்கள் காட்டினர். அதன்பின் நடந்த ஆய்வுகள், பல ஆண்டுகள் இடைவிடாமல் வலிச் சமிக்ஞை பெற்ற நரம்பு மண்டலம் கூருணர்வு அடைந்து, சாதாரண அழுத்தத்தையும் அசைவையும்கூட வலியாகவே உணரத் தொடங்குகிறது என்று விளக்கின. அறுவைக்கு முன் நெடுநாள் கடும் வலியில் இருந்தவர்கள், உடலின் பல இடங்களில் வலி உள்ளவர்கள், தூக்கமின்மையாலும் மனச்சோர்வாலும் அவதிப்படுபவர்கள் ஆகியோருக்கு இது நேரும் வாய்ப்பு கூடுதல். மூட்டு மாறிவிட்டது, நரம்புகளின் பழக்கம் மாறவில்லை. இதற்கு மனநல உதவியும் மருந்தும் பயிற்சியும் ஒன்றாகத் தேவைப்படுகின்றன. மனநலத்தைப் பற்றிப் பேசினாலே வலி பொய் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இதைப் பொறுமையாக விளக்குவது மருத்துவரின் கடமை.

மருந்தைப் பொறுத்தவரை, பாராசிட்டமாலைப் பெரியவர்கள் நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டாமலும், முதியோரும் கல்லீரல் நலம் குன்றியோரும் அதற்கும் குறைவாகவும் எடுத்துக்கொள்ளலாம். டைக்ளோஃபெனாக், அசிகுளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் குறுகிய காலத்துக்கு ஏற்றவை. மாதக்கணக்கில் தாமாக வாங்கி உட்கொள்பவர்களின் சிறுநீரகமும் இரைப்பையும் அவற்றால் கெடக்கூடும். நரம்பு சார்ந்த வலிக்குப் பிரெகாபலின், டியூலாக்செட்டின் போன்ற மருந்துகள் சிலருக்குப் பயன்படும். ஆனால் தலைச்சுற்றலால் முதியவர் விழுந்துவிடும் ஆபத்தை மருத்துவர் முன்கூட்டியே எடைபோட வேண்டும். எண்ணெய் தேய்த்து இழுத்துத் திருப்புவோரிடமும் எலும்பு கட்டுவோரிடமும் செயற்கை மூட்டை ஒப்படைப்பது மூட்டை நழுவச் செய்யக்கூடிய செயல். இது கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது.

பலருடைய வலிக்கும் நொண்டலுக்கும் தசை வலுவின்மையே காரணம். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் வலுவிழந்தால், ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு தாழ்ந்துவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் டிரெண்டலன்பர்க் 1895இல் விவரித்த இந்தக் குறி, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தினந்தோறும் ஒருக்களித்துப் படுத்துக் காலை மேலே தூக்குவது போன்ற எளிய பயிற்சிகள், மாதக்கணக்கில் விடாமல் செய்தால், இந்தத் தசைகளை மீட்டுத் தருகின்றன. கைத்தடியை வலியுள்ள இடுப்பின் எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதைப் பலரும் அறிவதில்லை. அவ்வாறு பிடிக்கும்போதுதான் மூட்டின் மீது விழும் பளு குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. ஒரு கால் நீண்டுவிட்டது என்ற உணர்வும் அடிக்கடி கேட்கப்படும் குறை. இறுகியிருந்த தசைகள் இடுப்பைச் சாய்த்திருப்பதாலும் இந்த உணர்வு வரும். முதல் சில மாதங்களில் அது தானே சரியாகிவிடலாம் என்பதால், செருப்பின் அடியில் கனமான பட்டையை அவசரப்பட்டு ஒட்டுவது நல்லதன்று.

நம் வீடுகளின் அமைப்பு இந்த நோயாளிகளுக்கு ஒத்துழைப்பதில்லை. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும், குத்தவைத்து உட்காரும் கழிப்பறையும், தாழ்வான கட்டிலும் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கச் செய்பவை. பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்தவர்களுக்கு இதுவே மூட்டு நழுவும் நிலை. உயரமான இருக்கை, கமோடு, கைப்பிடி ஆகிய மூன்றும் பெரும் செலவின்றி ஏற்பாடு செய்யக்கூடியவை. வாடகை வீட்டில் இருப்போர் குத்தவைக்கும் கழிப்பறையின் மேல் வைக்கும் கமோடு நாற்காலியைப் பயன்படுத்தலாம். விருந்துகளிலும் கோயில்களிலும் எல்லோரும் தரையில் அமர, தாம் மட்டும் நாற்காலி கேட்கக் கூச்சப்படுவோர் உண்டு. குடும்பத்தாரே முன்வந்து நாற்காலியைப் போடுவது அந்தக் கூச்சத்தைப் போக்கும். அதே குடும்பம் அன்பின் மிகுதியால் நோயாளியை எழவே விடாமல் படுக்கையில் வைத்தால் தசைகள் இன்னும் தளர்ந்து வலி கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தாம்பத்திய உறவைப் பற்றி மருத்துவரிடம் யாரும் கேட்பதில்லை, மருத்துவரும் சொல்வதில்லை. இளம் வயதில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்த மௌனம் மிகுந்த துன்பத்தைத் தருகிறது. எப்போது, எந்த நிலைகளில் அது பாதுகாப்பானது என்பதற்குத் தெளிவான மருத்துவ வழிகாட்டல் உண்டு. அதைக் கேட்டறிய வெட்கப்பட வேண்டியதில்லை.

நாட்பட்ட வலியோடு நாளைக் கழிப்பதற்கு ஒரு முறைமை உண்டு. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையையெல்லாம் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது பலரிடமும் காணப்படும் சுழற்சி. அதற்கு மாறாக, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு நடந்து, அந்த அளவை வாரந்தோறும் சிறிது கூட்டுவதே பயன் தருவது. தூங்கும் நேரம், நடந்த தூரம், வலியின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வருவது மருத்துவரோடு பேசும்போது உதவும்.

மறு அறுவை வேண்டுமா என்ற கேள்வி இறுதியில் பலர் முன்னும் வந்து நிற்கிறது. தளர்வும் தொற்றும் உறுதியானால் அதைத் தள்ளிப்போடுவது தவறு. காரணம் கண்டறியப்படாத வலிக்காக மட்டும் மூட்டை மீண்டும் திறப்பதோ, பெரும்பாலும் வலியைத் தீர்ப்பதில்லை. முதல் அறுவையைவிட மறு அறுவையில் எலும்பிழப்பும் தொற்றும் நழுவலும் மிகுதி. அத்தகைய அறுவையை ஒரு மருத்துவர் பரிந்துரைத்தால், மூட்டு மறு அறுவையில் அனுபவமுள்ள இன்னொருவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை; அதை முதல் மருத்துவர் அவமதிப்பாகக் கொள்ளக்கூடாது. பயிற்சி பெற மருத்துவமனைக்குச் சென்று வரவே முடியாதவர்களுக்காக, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சை இடம்பெற்றுள்ளது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பற்றிக் கேட்டறியலாம்.